அல்ஹாம்ப்ரா: சுவரில் தங்கிய மொழி

அரண்மனை என்றால் சிம்மாசனம், தர்பார் மண்டபம், அந்தப்புரம் இவைதான் நம் நினைவுக்கு வரும். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், கிரனாடா நகரத்துக் குன்றின் மேல் நிற்கும் அல்ஹாம்ப்ராவில் இவற்றோடு இன்னொன்றையும் பார்க்கணும். அது, சுவரெல்லாம் நிறைந்திருக்கும் எழுத்து.

மூர்கள் என்பது வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அரபு, பெர்பர் முஸ்லிம்களுக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர். கி.பி. 711-ல் கடல் தாண்டி வந்து ஸ்பெயினின் பெரும்பகுதியை ஆண்டார்கள். கிறிஸ்தவ அரசர்கள் ஒவ்வொரு ஊராகப் பிடித்துக்கொண்டே வர, கடைசியில் மிஞ்சியது கிரனாடா அரசு. அதை ஆண்ட நஸ்ரி வம்சத்தின் முதலாம் முகமது 1238-ல் இந்தக் கோட்டை வேலையைத் தொடங்கினார். அல்-ஹம்ரா என்றால் அரபியில் 'சிவந்தது' என்று பொருள். செம்மண் நிற மதில்களைப் பார்த்தாலே பெயர்க்காரணம் புரிந்துவிடும்.

சரி, குன்றின் மேல் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? பம்பும் மோட்டாரும் இல்லாத காலம். தாரோ ஆற்றில் சுமார் 6 கிலோமீட்டர் மேலே போய், ஆறு குன்றைவிட உயரத்தில் ஓடும் இடத்திலேயே மறித்து, மெல்லிய சரிவில் வாய்க்கால் வெட்டிக் கொண்டு வந்தார்கள். அரண்மனைக் குளங்களும் நீரூற்றுகளும் இந்த வாய்க்காலை நம்பித்தான் இருந்தன.

மேற்கு முனையில் படைவீரர் தங்கிய பழைய கோட்டை. அதை அடுத்து அரண்மனைகள். முதலாம் யூசுப் காலத்துத் தூதுவர் மண்டபத்தின் கூரை 8,000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை இணைத்துச் செய்தது. அவர் மகன் ஐந்தாம் முகமது கட்டியது சிங்க முற்றம். நடுவில் 12 பளிங்குச் சிங்கங்கள் நீரூற்றைத் தாங்கி நிற்கின்றன. சுற்றிலும் 124 மெல்லிய தூண்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் முழுக்கப் பூவேலை மாதிரி தெரியும். கிட்டப் போய்ப் பாருங்கள், அதில் பாதி அரபு எழுத்து! வெற்றி இறைவனுக்கே உரியது என்ற நஸ்ரி அரசர்களின் குலவாசகம் எங்கு திரும்பினாலும் கண்ணில் படும். அரசவைக் கவிஞர் இப்னு ஸம்ரக்கின் பாடல் சிங்க நீரூற்றின் விளிம்பிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. சில பாடல்களில் கட்டடமே 'நான்' என்று தன்னைப் பற்றிப் பேசுகிறது.

1492 ஜனவரி 2-ம் தேதி கடைசி சுல்தான் போவப்தில் கோட்டையை ஒப்படைத்தார். மக்களின் மதத்துக்கும் வழக்கங்களுக்கும் உடன்படிக்கையில் உறுதி தரப்பட்டிருந்தது. பத்து வருஷம்கூட அது நிலைக்கவில்லை. கட்டாய மதமாற்றம் வந்தது. 1567-ல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை அரபியில் பேசுவதையும் எழுதுவதையும் தடை செய்தது. மறுவருஷமே கலகம் வெடித்து, 1571-ல் அடக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை, மதம் மாறியவர்களின் சந்ததியார் சுமார் மூன்று லட்சம் பேர் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்கணும். வென்ற அரசர்களுக்கு அரண்மனை பிடித்துப்போயிற்று. பழுது பார்த்து வைத்துக்கொண்டார்கள். ஆக, சுவரில் இருந்த அரபிக்குப் பாதுகாப்பு, வீட்டில் பேசிய அரபிக்குத் தண்டனை! எழுத்து தங்கிவிட்டது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இல்லாமல் போனார்கள்.

ஆனாலும் மொழி முழுசாகப் போய்விடவில்லை. வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் இன்றும் அரபுச் சொல்தான். ஆரஞ்சுப் பழத்தை அவர்கள் நரன்ஹா என்பார்கள். அரபியின் நாரஞ்ச் வழியாக வந்த இந்தச் சொல்லுக்குப் பாரசீகம், வடமொழி ஆகியவற்றுக்கும் பின்னால் மூலம் திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்பது மொழியறிஞர் பலர் கருத்து. நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடியில் இருக்கும் நாரத்தங்காயின் உறவு, பாருங்கள்!

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நுழைவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நஸ்ரி அரண்மனைகளுக்கு அதில் தனி நேரம் போட்டிருக்கும். தவறினால் உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். நிறைய நடக்கணும், வெயில் காலத்தில் குடையும் தண்ணீரும் அவசியம்.

பிள்ளைகளை அழைத்துப் போனால் சிங்கங்களோடு அந்த எழுத்தையும் காட்டுங்கள். கல்லில் வெட்டிய மொழியை அரசாங்கம் காப்பாற்றும். வீட்டில் பேசுகிற மொழியை வீட்டார்தான் காப்பாற்றணும். அந்த மக்களுக்குப் பேசத் தடை இருந்தது. நமக்கு எந்தத் தடையும் இல்லையே!