ஆண்டுதோறும் முழுகி எழும் மாதா கோயில்

கர்நாடகத்தின் ஹாசன் நகருக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், ஹேமாவதி அணையின் நீர்த்தேக்கத்துக்குள் நிற்கிறது ஷெட்டிஹள்ளி செபமாலை மாதா கோயில். தென்மேற்குப் பருவமழையில் அணை நிரம்பினால் சுவர்களின் மேற்பகுதி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும். கோடையில் நீர் வடிந்ததும், பீடம் இருந்த இடம்வரை நடந்தே போகலாம். கூரை இல்லை, கதவு இல்லை. ஆனால் கூர்முனை வளைவுகள் பல இன்னும் நிற்கின்றன.

1860களில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் எழுப்பிய கோயில் இது. அன்றைய மைசூர்ப் பகுதி, பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பொறுப்பில் இருந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதே சபையின் ஆபே துபுவா, ஹாசன் அருகே சாத்தள்ளியில் கிறித்தவ உழவர்களைக் குடியமர்த்தியிருந்தார். பிறகு கொரூரில் ஹேமாவதிக்குக் குறுக்கே அணை எழுந்தது. 1979இல் வேலை முடிந்தது. ஊர் மக்கள் வீடு வாசலை விட்டு வேறிடம் போனார்கள். பூசை நின்றது. சுவர்கள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன.

சிமென்ட் கலக்காத இந்தச் சுவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தண்ணீருக்குள் போய்வந்தும் எப்படி நிற்கின்றன? இதற்குக் கோயில் திறந்து கிடப்பதே முதல் காரணம். தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் கூடினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன் அழுத்தம் கூடும். மூன்று மீட்டர் நீர் ஒரு பக்கம் மட்டும் நின்றால், சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு மூன்று டன் வந்து தள்ளும். அணைக்கட்டின் அடிப்பாகம் அத்தனை பருமனாக இருப்பது அதனால்தான். இங்கோ வாசல் வழியாகவும் சன்னல் வழியாகவும் நீர் உள்ளே புகுந்து, வெளியே ஏறும் அளவுக்கே உள்ளேயும் ஏறுகிறது. இரு பக்கமும் ஒரே அழுத்தம் என்பதால் சுவர் எந்தப் பக்கமும் சாய வேண்டியதில்லை. கதவடைத்து, சன்னலடைத்து யாராவது இதைக் காப்பாற்ற முயன்றிருந்தால், வெள்ளத்தில் சுவர் உள்ளே சரிந்திருக்கக்கூடும்.

அடுத்தது சுண்ணாம்பு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறும். அதை மணலோடு அரைத்துச் சுவரில் வைத்த பிறகு, இழந்த கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உறிஞ்சி, மறுபடியும் கல்லாகிறது. பருமனான சுவரின் உட்புறத்தில் இந்த வேலை பல ஆண்டுகள் நடந்துகொண்டே இருக்கும். மெல்லிய விரிசல் விட்டாலும், உள்ளே கசியும் நீர் சிறிது சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துப்போய் விரிசலில் படியவிடும். அது இறுகி விரிசலை அடைக்கும்.

தனிச் சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் இறுகாது. அதற்குத்தான் நம் கொத்தனார்கள் செங்கல்லை இடித்துத் தூளாக்கி, சுர்க்கி என்று சேர்த்தார்கள். சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, காற்றில்லாமலே இறுகும் ஒரு பசையை உண்டாக்கும். ரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சேர்த்துத் துறைமுகம் கட்டியதும் இதே வேதியியலால்தான். ஷெட்டிஹள்ளிக் காரையில் வெல்லமும் முட்டையும் கலந்தார்கள் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வெல்லம் காரை இறுகும் வேகத்தைக் குறைத்து, அதைக் குழைவாக வைத்திருக்கும்.

முழுகுவதைவிட, முழுகி எழுவதே கட்டடத்துக்கு ஆபத்து. தண்ணீருக்குள் இருக்கும்வரை செங்கல்லின் எடையில் ஏறத்தாழ பாதியை நீர் தாங்கிக்கொள்கிறது. நீர் இறங்கியதும், ஊறிக் கனத்த சுவரின் முழுச் சுமையும் ஊறி இளகிய அடிமண்ணின் மேல் அமரும். வெயில் காய்ந்தால் சுவருக்குள்ளிருக்கும் உப்புகள் மேற்பரப்புக்கு வந்து படிகமாகி, பூச்சை உரித்துத் தள்ளும். இடுக்கில் அரசோ ஆலோ முளைத்து வேர்விட்டால், அது கல்லையே பிளக்கும். கோயிலின் சில பகுதிகள் ஏற்கெனவே இடிந்து விழுந்துவிட்டன.

ஹேமாவதி, கிருஷ்ணராஜசாகர் தேக்கத்தில் காவிரியோடு கலக்கிறது. செபமாலை மாதா கோயிலை நனைத்த நீர் அப்படியே மேட்டூருக்கும் வரும். 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் ஏறத்தாழ 80 அடிக்குக் கீழே சரியும்போது, பண்ணவாடியில் முழுகிய பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரங்கள் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தெரியும். டெல்டா உழவர்களுக்கு அந்தக் காட்சி வயிற்றைக் கலக்கும் செய்தி.

ஷெட்டிஹள்ளியில் மிஞ்சியதைக் காக்கக் கோடை மாதங்கள் மட்டுமே கையில் உள்ளன. அதற்குள் செடிகளை வேரோடு பிடுங்கி, கரைந்த இணைப்புகளில் சுண்ணாம்புக் காரையையே நிரப்ப வேண்டும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். பழைய செங்கல் உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கும். சுண்ணாம்பு அரைத்துக் காரை பூசத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவருகிறார்கள். அவர்களைத் தேடிப்பிடித்துக் கூட்டிவருவதுதான் முதல் வேலை.