‘வீடு’க்கு நாலு உச்சரிப்பு: இராக்கின் கராகோஷ் ஊர் அராமைக் தப்பிக்குமா?

அராமைக் என்றதும் இயேசு பேசிய மொழி என்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது செத்துப்போன மொழி என்று நினைத்தால் தப்பு. இராக்கின் மொசூல் நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள கராகோஷ் ஊரில் இன்றும் வீட்டுப் பேச்சு அராமைக்தான். ஆனால், 2,000 ஆண்டுகளில் அது ரொம்பவே மாறிவிட்டது.

இதன் பெயர் என்ன?

பேசுபவர்கள் ‘சூரெத்’ என்கிறார்கள். ஊரையும் ‘பக்தேதே’ என்றே அழைக்கிறார்கள். கராகோஷ் என்பது துருக்கியப் பெயர். இங்கு பெரும்பாலோர் சிரியாக் கத்தோலிக்கர்கள்.

அப்படியென்ன ஸ்பெஷல்?

வடகிழக்கு நவீன அராமைக்கில் 150-க்கும் மேற்பட்ட வட்டார வழக்குகள் உண்டு. ‘வீடு’ என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். கராகோஷில் ‘பேத்தா’, இதில் வரும் ‘த்’, ஆங்கில ‘திங்க்’கில் வருவது போன்ற பழைய ஒலி. ஊர்மி அசிரியர்களிடம் அது ‘பேட்டா’. ஸாகோ யூதர்கள் ‘பேசா’ என்றார்கள். ஊர்மி யூதர்கள் ‘பேலா’ என்றார்கள். ஒருவர் வாயைத் திறந்தாலே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

ஆபத்து எங்கே வந்தது?

2014 ஆகஸ்ட்டில் ஐ.எஸ். அமைப்பு ஊரைப் பிடித்தது. பல்லாயிரம் பேர் ஒரே இரவில் எர்பில் பக்கம் ஓடினார்கள். 2016 அக்டோபரில் ஊர் மீட்கப்பட்டது. பல குடும்பங்கள் திரும்பின; பலர் ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று போனவர்கள் போனவர்கள்தான். வட்டார வழக்குக்கு அக்கம்பக்கமும் சந்தையும் வேண்டும். வெளிநாட்டில் அது கிடைக்காது. பிள்ளைகள் அந்த நாட்டு மொழிக்கோ, பல ஊர்க்காரர்களும் சேர்ந்து பேசும் பொதுவான சூரெத்துக்கோ மாறும்போது, கராகோஷின் தனி ஒலிகள்தான் முதலில் கரையும்.

சட்டம் காப்பாற்றாதா?

இராக்கின் 2005 அரசியலமைப்பு, சிரியாக் பேசுவோர் அடர்த்தியாக வாழும் பகுதிகளில் அதற்கு அலுவல் மொழித் தகுதி தருகிறது. ஆனால், எழுத்துக்கும் வழிபாட்டுக்கும் உரியது பழைய செம்மொழி சிரியாக். வேலைக்கும் மேற்படிப்புக்கும் அரபி. ஊர்ப் பேச்சுக்கு மிஞ்சுவது வீடு மட்டும்தான்.

பதிவு இருக்கிறதா?

இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜெஃப்ரி கான் இந்த வழக்குக்கு எழுதிய விரிவான இலக்கணம் 2002-ல் வெளியானது. ஊர் சிதறுவதற்கு 12 ஆண்டுகள் முன்பே அது வந்துவிட்டது பெரிய அதிர்ஷ்டம். ஆனால், புத்தகத்தில் இருப்பதும் பிள்ளைகள் வாயில் இருப்பதும் ஒன்றல்ல. இனி இது வாழுமா என்பதை, மெல்பர்னிலோ பாரிஸிலோ வளரும் பிள்ளையிடம் பெற்றோர் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதுதான் முடிவு செய்யும்.