மின்னோட்டத்துக்கு ஓர் எல்லை

எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் இருவர், பேனாவைத் தானே நகர்த்திப் படம் வரையும் பொறியொன்றை அமைத்தனர். கண்காட்சிக்கு முதல்நாள் மாலை அதனை இயக்கியபோது கோடுகள் இடையிடையே அறுந்தன. மோட்டர் கைவைக்க இயலாதவாறு சுட்டது. அதைத் தாங்கிய பிளாஸ்டிக் துண்டு இளகி வளைந்தது. பொறி கண்காட்சிக்குச் செல்லவில்லை. "கவனயீனம்" என்று நான் அவர்களைக் கண்டித்தேன். கலைப் பட்டதாரியாகிய நான் பின்னரே இவ்விடயத்தைக் கேட்டுக் கற்றேன். அவர்களிடம் குறைந்திருந்தது கவனமன்று, ஒரு விளக்கமே எனக் கண்டேன். அவ்விளக்கத்தை இன்று கூற விழைகின்றேன்.

அப்பொறியில் இருந்தது ஸ்டெப்பர் மோட்டர். சாதாரண மோட்டர் தொடர்ந்து சுழலும். இதுவோ படிபடியாக நகரும். பெரும்பாலானவை ஒரு முழுச் சுற்றை 200 படிகளில் முடிக்கும். எமது மோட்டரின் ஒவ்வொரு சுருளும் தாங்கும் மின்னோட்டம் 1 அம்பியர். சுருளின் தடை 3.5 ஓம். அதற்கு 12 வோல்ற்றை நேரே கொடுத்தால் 3 அம்பியருக்கு மேல் பாயும், சுருள் கருகும். ஆயினும் அழுத்தம் உயர்ந்திருந்தாற்றான் சுருளில் மின்னோட்டம் விரைந்து ஏறும். மோட்டரும் விரைந்து சுழலும். ஆகவே அழுத்தத்தைக் குறைக்காது, மின்னோட்டத்துக்கு எல்லை வகுக்க வேண்டும்.

இப்பணியைச் செய்வது டிரைவர் எனும் சிறு பலகை. ஏ4988 எனும் சில்லைக் கொண்ட பலகை பரவலாக வழங்குவது. சுருளின் மின்னோட்டம் மிகச் சிறிய தடையியொன்றின் வழியே செல்கின்றது. அங்கு தோன்றும் அழுத்தம் நாம் வகுத்த எல்லையைத் தொட்டதும் சில்லு மின்னை வெட்டும். சற்றுப் பின் மீண்டும் விடும். ஒரு வினாடிக்குள் பல்லாயிரம் முறை இது நிகழும்.

எல்லையை வகுப்பது பலகையிலுள்ள சிறு திருகு. அதன் கணக்கு எளிது: வேண்டிய அம்பியரைத் தடையியின் ஓமாலும் எட்டாலும் பெருக்கினால், திருகில் அமைய வேண்டிய வோல்ற்று கிடைக்கும். தடையியின் மேல் ஆர்100 என்றிருந்தால் அது 0.1 ஓம், 1 அம்பியருக்கு 0.8 வோல்ற்று. ஆர்050 என்றிருந்தால் 0.05 ஓம், அதே 1 அம்பியருக்கு 0.4 வோல்ற்றே போதும்.

மாணவர் பிழைத்தது இங்கேதான். நண்பனொருவனின் பலகைக்குச் சரியாயிருந்த 0.8 என்ற எண்ணை, ஆர்050 பொறித்த எமது பலகையில் வைத்துவிட்டனர். எல்லை 2 அம்பியராயிற்று. மின்னோட்டம் இருமடங்கானால் சுருளின் வெப்பம் நான்கு மடங்காகும். பலகையும் சூடேறித் தன் காப்பினால் நின்று நின்று இயங்கியது. கோடுகள் அறுந்தது அதனாலேயே.

அளக்கும் முறை இது. முதலில் மின்னை நிறுத்தி மோட்டரைக் கழற்றுக. மின் பாயும்போது மோட்டரைக் கழற்றினால் பலகை அழியக்கூடும். பின்பு பலகையின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மட்டும் 5 வோல்ற்றைக் கொடுத்து, பல்மானியின் ஒரு முனையைத் திருகின் உலோகத் தலையிலும் மற்றதைப் புவி முனையிலும் வைத்து அளந்திடுக. திருகைச் சிறிது சிறிதாகவே திருப்புக. முழு எல்லையில் தொடங்காது 70 சதவீதத்தில் தொடங்குதல் நன்று. வெப்பம் ஏறத்தாழப் பாதியாகும். மோட்டர் படி தவறினால் மட்டும் சற்று உயர்த்துக. மிகக் குறைத்தாலும் வலு போதாது படி தவறும்.

எமது பலகையில் 0.28 வோல்ற்று வைத்தோம். பொறி தடையின்றி வரைந்தது. மறுநாட் காலைக் கூட்டத்தில், என் கண்டிப்பே தவறென அவ்விருவரிடமும் கூறினேன். விடையை மட்டும் கொடுத்துக் கணக்கைக் கொடாதிருந்தால், பிழை மாணவருடையதன்று.