மலைநாட்டில் நாற்காலி உறைத் துணி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர். இங்கே துணிக்குப் பெரும் பகை வெயிலன்று, ஈரமே. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஹற்றன் பக்கத்துத் தோட்டங்களில் கொடியிலிட்ட துணி நாட்கணக்கில் உலர்வதில்லை. ஆகவே, மெத்தை நாற்காலிக்கோ செற்றிக்கோ உறை தைக்க விரும்புவோர், நிறத்தையும் பூவேலையையும் பார்க்குமுன், துவைத்தால் எத்தனை நாளிற் காயும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் நூற்றுக்கு 7, 8 பங்கு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பொலியெஸ்டர் 1 பங்குகூட ஏற்பதில்லை. ஈரமேறிய பருத்தி நூலைப் பூஞ்சணம் உணவாக்கிக்கொள்கிறது. கனத்த வெல்வெற் பெரிய பங்களாவுக்குப் பொருந்தலாம். அடுப்புப் புகை சூழும் லயத்து அறைக்கு ஒவ்வாது. இவ்விரு நூலும் கலந்து, நெருக்கமாக நெய்த, நடுத்தரக் கனமுள்ள துணியே தக்கது. மருதமுனைக் கைத்தறிப் பருத்தியை விரும்புவோர் இரண்டு உறைகள் தைத்து மாற்றி மாற்றி இடலாம். றெக்சினைத் துடைப்பது எளிது. ஆனால் நம் குளிரில் அதன்மேல் அமர்ந்து பார்த்தவர் மீண்டும் விரும்பார்!

வெட்டுமுன் துணியை நனைத்துக் காயவிடுங்கள். பருத்தி நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினால் 2 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் போய்விடும். தோட்டத்துச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய துணி, முதற் சலவைக்குப்பின் நாற்காலியில் ஏறாது கிடந்ததை மாணவர் வீடுகளிற் கண்டிருக்கிறேன். கட்டுவதற்கு நாடாவே போதும். இரும்புக் கொக்கி துருவேறித் துணியைக் கறைப்படுத்தும்.