1878-ல் சுட்ட கேக்கை இன்னும் வைத்திருக்கும் குடும்பம்... பாட்டி போட்ட பழைய ஊறுகாயைச் சாப்பிடலாமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் டெகும்சே என்றொரு சின்ன ஊர். அங்குள்ள ஒரு குடும்பம் 1878-ம் ஆண்டு சுட்ட பழக் கேக் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தி வந்திருக்கிறது. 140 ஆண்டுகளைத் தாண்டிய அந்த கேக் இப்போது பார்ப்பதற்கு கருங்கல் துண்டு மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு அது பொக்கிஷம்.

இவ்வளவு காலம் அது எப்படித் தாங்கியது? நம் வீட்டுப் பரணில் பாட்டி போட்ட ஊறுகாய் ஜாடி கிடைத்தால் எடுத்துச் சாப்பிடலாமா? விரிவாகப் பார்ப்போம்.

யார் சுட்ட கேக் இது?

ஃபிடெலியா ஃபோர்டு என்ற பெண்மணி சுட்டது. ஒரு பண்டிகைக்குப் பழக் கேக் செய்து, அதை ஓராண்டு ஊறவிட்டு, அடுத்த ஆண்டு பண்டிகைக்குப் பரிமாறுவது அவரது வழக்கம். 1878-ல் செய்த கேக் பரிமாறும் நாளுக்காகக் காத்திருந்தது. ஆனால் அந்த நாள் வருவதற்கு முன்பே, 65 வயதில் அவர் இறந்துவிட்டார்.

அவர் கையால் செய்த கடைசி கேக். அதை வெட்டிச் சாப்பிட வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் போட்டு மூடி வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், அது குடும்பச் சொத்தாகிவிட்டது.

பின்னாளில் ஃபிடெலியாவின் கொள்ளுப்பேரன் பொறுப்பில் இருந்தபோது அந்த கேக் தொலைக்காட்சி வரைக்கும் போனது. 2003-ல் ‘தி டுநைட் ஷோ’ நிகழ்ச்சியில் தொகுப்பாளர் ஜே லெனோ, அதில் ஒரு துணுக்கை வாயில் போட்டும் பார்த்தார்.

இது ஒன்றுதானா?

இல்லை. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் உள்ள வில்லிஸ் அருங்காட்சியகத்தில் 1898-ல் செய்த திருமணக் கேக் ஒன்று இருக்கிறது. ஒரு பேக்கரியின் கண்ணாடி ஜன்னலில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்த கேக் அது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டின் அதிர்வில் அதன் மேல்பூச்சு விரிசல் விட்டதாகச் சொல்லப்படுகிறது.

அண்டார்டிகாவில் கேப் அடேர் என்ற இடத்தில் உள்ள பழைய குடிலில், 2017-ல் நியூசிலாந்து பாதுகாப்புக் குழுவினர் ஒரு பழக் கேக்கைக் கண்டெடுத்தனர். ராபர்ட் ஸ்காட்டின் பயணக் குழு கொண்டுபோனதாகக் கருதப்படும் அந்த கேக்கின் வயது 100-க்கும் மேல். தகர டப்பா துருப்பிடித்துப் போயிருந்தது. உள்ளே கேக் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பக்கத்தில் போய் முகர்ந்தால் மட்டும் லேசாக சிக்கு வாடை.

ஏன் கெட்டுப்போகவில்லை?

காரணம் தண்ணீர். உணவைக் கெடுக்கும் பாக்டீரியா, பூஞ்சை எல்லாவற்றுக்கும் வளர்வதற்குத் தண்ணீர் வேண்டும். உணவில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைவிட, அதில் கிருமிகளுக்குக் கிடைக்கும் ஈரம் எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

இதை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவால் குறிப்பிடுகிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு இது 1. சோறு, பால், இறைச்சி போன்றவை 1-ஐ ஒட்டியே இருக்கும். அதனால்தான் ஒரே நாளில் ஊசிப் போகின்றன. இந்த அளவு 0.85-க்குக் கீழே போனால் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் வளர முடியாது. 0.6-க்குக் கீழே எந்தக் கிருமியும் வளராது. தேன் கெடாமல் இருப்பது, இந்த 0.6-ஐ ஒட்டி அது இருப்பதால்தான்.

சர்க்கரையும் உப்பும் தண்ணீரைத் தங்களோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமிக்குக் கொடுக்காது. பழக் கேக்கில் சர்க்கரை அதிகம், உலர்ந்த பழங்கள் அதிகம், பெரும்பாலும் மதுவும் சேரும். நாளாக ஆக மிச்ச ஈரமும் வற்றி, கடைசியில் கல்லாகிவிடும்.

நம்ம ஊர் உப்பு நார்த்தங்காய் கதையும் இதேதான். உப்பு தண்ணீரை இழுக்கிறது. வெயிலில் காயவைப்பதால் ஈரம் குறைகிறது. காயின் புளிப்பு கிருமியைத் தடுக்கிறது. ஒரே கதவுக்கு மூன்று பூட்டு! அதனால்தான் அது ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. ‘ஈரக் கையோடு ஜாடியைத் தொடாதே’ என்று பாட்டிமார்கள் அதட்டியதற்குப் பின்னால் இருப்பதும் இந்த அறிவியல்தான்.

கெடவில்லை என்றால் சாப்பிடலாமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பார்க்க நன்றாக இருப்பது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு.

முதல் ஆபத்து, பூஞ்சை. மேலே படர்ந்ததை வழித்து எறிந்துவிட்டால் போதும் என்று நினைப்போம். ஆனால் சில பூஞ்சைகள் விடும் நச்சு உணவுக்குள் இறங்கியிருக்கும். அஃப்ளாடாக்சின் போன்ற நச்சுகள் சாதாரண சமையல் சூட்டில் அழியாது.

இரண்டாவது, போட்டுலிசம். காற்று இல்லாத, புளிப்பும் உப்பும் குறைந்த, ஈரமுள்ள இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நச்சு இது. புளிப்பு சரியாகச் சேர்க்காமல் எண்ணெயில் மூழ்கவைத்த பூண்டு போன்றவற்றில் இந்த ஆபத்து உண்டு. வாசனையிலோ ருசியிலோ தெரியாமலும் போகலாம். அரிதுதான், ஆனால் உயிரையே பறிக்கக்கூடியது. கண் மங்குவது, இமை தொங்குவது, விழுங்கச் சிரமப்படுவது, மூச்சுத் திணறுவது ஆகியவை இதன் அறிகுறிகள். இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, பாத்திரம். புளிப்பும் உப்பும் செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களை மெல்ல மெல்ல அரிக்கும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி வந்தது சும்மா இல்லை.

ஆக, எப்போது செய்தது, என்ன சேர்த்தது, எப்படி வைத்திருந்தது என்று உறுதியாகத் தெரியாத பழைய உணவை ருசி பார்க்கவே வேண்டாம். ‘துளிதானே’ என்று நாக்கில் வைப்பதும் வேண்டாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

தூக்கிப்போட மனசு வரவில்லையா? இப்படி வையுங்கள்

* பூஞ்சை படர்ந்திருந்தாலோ, மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது நுரைத்தாலோ உணவை அப்புறப்படுத்திவிடுங்கள். மூடி உப்பாமலும் நுரைக்காமலும் இருந்தால் மட்டும் ஜாடியைக் கழுவி வைத்துக்கொள்ளலாம்.

* நன்கு காய்ந்த பண்டம் என்றால், காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வையுங்கள். வெயிலும் சூடும் படாத இடமாக இருக்கட்டும்.

* ‘சாப்பிடுவதற்கு அல்ல’ என்று எழுதி ஒட்டுங்கள். யார் செய்தது, எந்த ஆண்டு, எந்த விசேஷத்துக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பழைய டப்பாதான்.

* எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். பொருள் போனாலும் படம் நிற்கும்.

பக்குவத்தையும் பிடித்து வையுங்கள்

பல வீடுகளில் சமையல் குறிப்பு எழுத்தில் இருப்பதில்லை. ‘ஒரு கைப்பிடி உப்பு’, ‘கண்ணளவு மிளகாய்த்தூள்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் கை போய்விட்டால் அளவும் போய்விடும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் அள்ளிப் போடும் கைப்பிடியைத் தராசில் போட்டு கிராம் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். செய்யும்போது போனில் வீடியோவும் எடுக்கலாம். எத்தனை நாள் வெயில், எந்த மாதத்துக் காய் என்பதையும் கேட்டு எழுதிவிடுங்கள்.

ஃபிடெலியாவின் கேக்கை இனி யாரும் வெட்டிப் பரிமாற முடியாது. ஆனால் எழுதி வைத்த பக்குவத்தை எத்தனை தலைமுறை கழித்தும் அடுப்பில் ஏற்றலாம். புதிதாகச் செய்து, பயமில்லாமல் சாப்பிடலாம்.