ஸ்ரீவில்லிபுத்தூர் - இராஜபாளையம் பயணப் பருவங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகியவை தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள இரு நகரங்கள் ஆகும். இவற்றுக்கு இடையேயான தொலைவு ஏறத்தாழ 12 கி.மீ. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்காகவும் பால்கோவாவுக்காகவும், இராஜபாளையம் நூற்பாலைகளுக்காகவும் மாந்தோப்புகளுக்காகவும் அறியப்படுகின்றன. திருவிழா, அருவி, மாம்பழம், மலைக்காடு ஆகிய நான்கும் இப்பகுதிக்குப் பயணிகளை ஈர்க்கின்றன. எனினும் இவை நான்கும் ஒரே மாதத்தில் அமைவதில்லை. இதற்கான முதன்மைக் காரணம் மேற்கே உயர்ந்து நிற்கும் மலையாகும்.

நிலவமைப்பும் மழையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரப்பதத்தைச் சுமந்து வருகின்றது. இக்காற்று கேரளப் பக்கத்து மலைச்சரிவில் மேலெழும்போது குளிர்ந்து, பெருமழையாகப் பொழிகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அது வெப்பமடைந்து உலர்ந்துவிடுகின்றது. எனவே இவ்விரு நகரங்களும் மழைமறைவுப் பகுதியில் அமைகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் இங்கு பலத்த காற்று வீசும். சில நாட்களில் மலைமுகட்டைத் தாண்டிச் சாரல் வரும். சமவெளியில் நல்ல மழை பெய்வது அரிது.

இராஜபாளையத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள குற்றாலத்தில் நிலைமை வேறு. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து, ஆரியங்காவுக் கணவாய் அமைந்துள்ளது. இக்கணவாய் வழியாக ஈரக்காற்று நுழைவதால் குற்றாலத்தில் ஜூன் முதல் அருவிகளில் நீர் கொட்டுகின்றது. குற்றாலத்தில் 'சீசன்' தொடங்கிவிட்டது என்பதால் இராஜபாளையம் அருவிகளிலும் நீர் இருக்கும் எனக் கொள்வது தவறாகும்.

இப்பகுதியின் முதன்மை மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலமாகும். வங்கக் கடலிலிருந்து வரும் காற்றுக்கு மலையின் கிழக்குச் சரிவு நேர் எதிராக நிற்பதால், கண்மாய்களும் ஓடைகளும் இக்காலத்திலேயே நிறைகின்றன.

ஆண்டின் பருவங்கள்

தை, மாசி (ஜனவரி நடு - மார்ச் நடு): மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். காலை நேரம் குளிர்ச்சியாக இருக்கும். தொடக்கத்தில் ஓடைகளில் நீர் இருக்கும். மாசியில் குறையத் தொடங்கும்.

பங்குனி முதல் வைகாசி வரை (மார்ச் நடு - ஜூன் நடு): கோடைக்காலம். பகல் வெப்பநிலை பல நாட்களில் 38 பாகை செல்சியசைத் தாண்டும். பங்குனி உத்திரத்தன்று ஆண்டாள் - ரங்கமன்னார் திருக்கல்யாணம் நடைபெறுகின்றது. பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவும் பங்குனியில் அமைகின்றது. அடிவாரத் தோப்புகளில் மாம்பழம் இக்காலத்தில் கிடைக்கின்றது. சப்பட்டை, பஞ்சவர்ணம் ஆகியவை இராஜபாளையத்தில் பெயர் பெற்ற மா வகைகளாகும்.

ஆனி முதல் ஆவணி வரை (ஜூன் நடு - செப்டம்பர் நடு): காற்றுக்காலம். ஆண்டாளின் பிறந்த நாளான ஆடிப்பூரத்தையொட்டிப் பத்து நாள் திருவிழா நடைபெறுகின்றது. ஏழாம் நாள் ஆண்டாளின் மடியில் ரங்கமன்னார் தலைவைத்துப் பள்ளிகொள்ளும் சயனத் திருக்கோலம் காட்சியளிக்கப்படுகின்றது. பூர நாளில் பெரிய தேர் இழுக்கப்படுகின்றது. அன்று நகரில் கூட்டம் மிகுந்திருக்கும். தங்குமிடம் கிடைப்பது கடினம். பூரம் விண்மீனைக் கொண்டு கணிக்கப்படுவதால் ஆங்கில நாட்காட்டியில் இந்நாள் ஆண்டுதோறும் மாறும்.

புரட்டாசி (செப்டம்பர் நடு - அக்டோபர் நடு): ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் சனிக்கிழமைகளில் பெருங்கூட்டம் கூடும். திருப்பதி பிரமோற்சவத்திற்கு ஆண்டாள் சூடிய மாலை இம்மாதத்தில் கொண்டு செல்லப்படுகின்றது.

ஐப்பசி, கார்த்திகை (அக்டோபர் நடு - டிசம்பர் நடு): மழைக்காலம். இராஜபாளையத்துக்கு மேற்கேயுள்ள அய்யனார் கோயில் அருவியிலும், தெற்கே தேவதானம் அருகிலுள்ள சாஸ்தா கோயில் அருவியிலும் நீர் மிகுந்திருக்கும். வெள்ளப்பெருக்கு நாட்களில் இங்கு செல்லத் தடை விதிக்கப்படுவது வழக்கம்.

மார்கழி (டிசம்பர் நடு - ஜனவரி நடு): ஆண்டாள் அருளிய திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் மார்கழி நோன்பைப் பற்றியவை. ஆதலால் இம்மாதம் இந்நகருக்குத் தனிச் சிறப்புடையது. பகல் பத்து, இராப்பத்து விழாக்களும், எட்டு நாள் நடைபெறும் எண்ணெய்க்காப்பு நீராட்டு விழாவும் இக்காலத்தில் நிகழ்கின்றன.

2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பருவம் கிடையாது. அது ஆண்டு முழுவதும் கிடைக்கின்றது.

காட்டாற்று வெள்ளமும் காட்டுத்தீயும்

இம்மலைக்காடு 1988ஆம் ஆண்டில் சாம்பல் நிற மலை அணிலுக்கான காட்டுயிர் உய்விடமாக அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் இது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகியது. எனவே செண்பகத்தோப்பு, சதுரகிரி முதலிய இடங்களுக்குச் செல்வது வனத்துறையின் அனுமதியைப் பொறுத்தது. அனுமதி நாட்களும் நேரமும் மாற்றத்திற்கு உட்பட்டவை.

வத்திராயிருப்பு அருகிலுள்ள தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் பாதை பல ஓடைகளைக் கடந்து செல்கின்றது. மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. வறண்டு கிடக்கும் ஓடை குறுகிய நேரத்தில் ஆளை இழுத்துச் செல்லும் வெள்ளமாக மாறக்கூடும். 2015 மே மாதத்தில், அதாவது கோடையில், இங்கு ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். ஆகவே இந்த இடர் வடகிழக்குப் பருவமழைக் காலத்திற்கு மட்டும் உரியதன்று. கோடை இடிமழையாலும் ஏற்படக்கூடியது.

பிப்ரவரி இறுதி முதல் காய்ந்த புல் எளிதில் தீப்பற்றும். 2018 மார்ச்சில் அண்டை மாவட்டமான தேனியில், குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோடையில் மலையேற்றம் தடை செய்யப்படுவதற்கு இத்தகைய இடரே காரணமாகும்.

திராட்சைப் பகுதிகளுடன் ஒப்பீடு

பிரான்சின் போர்தோ போன்ற திராட்சை மது நகரங்களில் அறுவடை பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரை ஒட்டி நடைபெறுகின்றது. பயணத் திட்டங்களும் பெரும்பாலும் அதனையொட்டி வகுக்கப்படுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, மலைக்கு அப்பால் உள்ள கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை திராட்சை அறுவடை செய்யப்படுகின்றது. அங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அறுவடையைக் காண விரும்புவோருக்கு அங்கு ஒரே பருவம் என்ற கட்டுப்பாடு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் - இராஜபாளையம் பகுதியிலோ ஒவ்வொரு சிறப்புக்கும் தனித்தனிப் பருவம் உண்டு.

பருவத் தேர்வு

தேரோட்டம் காண ஆடியும், மாம்பழத்திற்குக் கோடையும், அருவிக்கு மழைக்காலமும் உரியவை. ஒரே பயணத்தில் கோயில், அருவி, இதமான வெப்பநிலை ஆகிய மூன்றையும் நாடுவோருக்கு மார்கழியும் தையின் முற்பகுதியும் பொருத்தமானவை. அப்போது கடுமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், ஓடைகள் வற்றியிருக்காது, காட்டுத்தீக் காலமும் தொடங்கியிராது. அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருப்பின், மார்கழியிலும் அருவிகளில் நீர் குறைந்தே காணப்படும்.