கேள்வி ஞானமும் ஒலிப்பதிவும்

பாடம் என்றவுடன் ஏட்டை நினைப்பது ஆசிரியர் உலகின் வழக்கம். இசைப்பாடமும் இதற்கு விலக்கன்று. மேனாட்டுச் செவ்வியல் இசையைப் பயில்வோன் சுரக்குறிகள் அச்சிடப்பெற்ற தாளை முன்வைத்துக்கொண்டே வாத்தியத்தைத் தொடுகிறான். ஆனால் ஜனரஞ்சக இசைக்கு அத்தகைய மூலநூல் எது? றொக், பொப் எனப் பல பெயர் பூண்டு இருபதாம் நூற்றாண்டில் தழைத்த இவ்விசையைத் தாளில் எழுதிப் பார்த்தால் அதன் எலும்புக்கூடே எஞ்சுகிறது. பாடகர் குரலின் கரகரப்பும், மேளத்தின் அடி இம்மியளவு பிந்தி விழுவதால் பிறக்கும் அசைவும், கிற்றார் நரம்பின் முனகலும் குறியீட்டுக்குள் அடங்குவதில்லை. அவை ஒலிப்பதிவிலேயே வாழ்கின்றன. ஆகவே, ஜனரஞ்சக இசையின் மூலநூல் ஒலிப்பதிவே என்பது என் துணிபு.

இதனை ஏற்றுக்கொண்டால் கற்பிக்கும் முறையும் மாறுதல் வேண்டும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவகத்தைச் சேர்ந்த லூசி கிறீன் என்னும் அறிஞர், ஜனரஞ்சக இசைக்கலைஞர் எங்ஙனம் கற்கின்றனர் என்பதை ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இலண்டனிலும் அதன் அயலிலும் வாழ்ந்த, 15 முதல் 50 வரை வயதுடைய 14 கலைஞரை அவர் விசாரித்தறிந்தார். தமக்குப் பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது, கேட்டதை வாத்தியத்தில் தேடுவது, நண்பரோடு கூடி வாசிப்பது என்பனவே அவர்கள் பயின்ற பெருவழி. வகுப்பறை அவர்களுக்கு அளித்தது சொற்பமே.

நமக்கு இஃது அயலான செய்தியன்று. குருமுகமாகக் கேட்டுப் பாடிப் பயின்ற மரபு நம்முடையது. முறையாகச் சிட்சை பெறாது செவியாலேயே இசையறிவு எய்தியவரைக் 'கேள்வி ஞானம் உள்ளவர்' என்கின்றோம். அச்சொல்லிற் பாராட்டும் உண்டு. 'பாடம் கேட்டவரல்லர்' என்னும் இளக்காரமும் சிறிது உண்டு. அந்த இளக்காரத்தையே கிறீனின் ஆய்வு அசைத்துவிட்டது எனலாம். செவியாற் கற்பதற்கும் ஒழுங்கும் கடுமையும் உண்டு என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வேறு வேலை செய்துகொண்டே பாட்டைக் காதில் விழவிடுவது ஒன்று. இதனை நான் வாசிக்கவேண்டும் என்ற நோக்கோடு கேட்பது முற்றிலும் வேறொன்று.

2003 ஆம் ஆண்டில் போல் ஹம்லின் அறக்கட்டளை 'மியூசிக்கல் பியூச்சர்ஸ்' என்னும் திட்டத்தை இங்கிலாந்தில் ஆரம்பித்தது. அதனோடு இணைந்து, ஹேர்ட்போட்ஷயர் பகுதிப் பாடசாலைகளில் கிறீன் தம் கருத்தைச் சோதித்துப் பார்த்தார். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் நண்பர் குழுக்களாகப் பிரிந்து, தாம் விரும்பிய பாட்டைத் தாமே தேர்ந்து, இறுவட்டைக் கேட்டு வாசிக்க முயன்றனர். ஆசிரியர் முதலில் விலகி நின்று கவனித்தார். பின்னர் வேண்டிய இடத்தில் மட்டும் உதவினார். அடுத்த கட்டத்தில், கமியோ குழுவினரின் 'வேர்ட் அப்' என்னும் 1986 ஆம் ஆண்டுப் பாட்டு முழுமையாகவும், அதன் சிறு இசைத்துணுக்குகள் தனித்தனியாகவும் பதியப்பெற்ற இறுவட்டு வழங்கப்பட்டது. கூட்டொலியில் மறைந்து கிடந்த ஓர் இழையைப் பிரித்துக் கேட்டு, மீண்டும் கூட்டத்தில் அதனை இனங்காணப் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கிட்டியது. ஒரு நூலாசிரியன் பதவுரை தருவதற்கு ஒப்பானது இது.

இத்தகைய பதவுரையை எவரும் இயற்றிக்கொள்ள இடமளித்தது இலக்கமுறை ஒலிப்பதிவாகும். 1982 இல் விற்பனைக்கு வந்த இறுவட்டில், ஒரு விநாடி ஒலி 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிகின்றது. ஒலி எண்ணாகிவிட்டபின் கணினி அதனை வேண்டியவாறு கையாளும். இசைத்தட்டைப் பாதி வேகத்திற் சுழலவிட்டால் சுருதியும் ஒரு ஸ்தாயி தாழ்ந்துவிடும். இன்றோ சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கலாம். நான்கு அட்சரத்தை மட்டும் ஓயாது சுழலச்செய்யலாம். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஓடசிற்றி' போன்ற மென்பொருள்கள் இவ்வசதிகளை இலவசமாகவே தருகின்றன. பதிவதற்குக் கைத்தொலைபேசி போதும்.

எனினும் இத்தொழில்நுட்பத்தின் தலையாய பயன், மாணவன் தன்னையே கேட்கலாம் என்பதுதான். வாசிக்கும்போது அவன் கவனம் விரலில் இருக்கின்றது. தாளம் விரைவதை அவன் அறியான். 'நீ ஓடுகிறாய்' என்று ஆசிரியர் பத்துமுறை இடித்துரைப்பதிலும், அவன் வாசித்ததை ஒருமுறை அவனுக்கே ஒலிக்கச்செய்வது மேல். எங்கே பிசகினேன் என்பதை அவனே கூறுவான். அவ்வாறு கண்டறிந்த பிழையை எளிதில் மறக்கவும் மாட்டான்.

இவ்விடத்திலேதான் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. பிழையைக் காட்டும் கருவியே பிழையை மறைக்கவும் வல்லது. சுருதி விலகிய குரலைச் செம்மைப்படுத்தும் 'ஓட்டோ ரியூன்' 1997 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பாடகி ஷெயர் 'பிலீவ்' என்னும் பாட்டில் அதனை வெளிப்படையானதோர் அலங்காரமாகவே பயன்படுத்தினார். அது கலைஞரின் தேர்வு. அதிற் குறைகாண நான் முற்படவில்லை. ஆனால் சுருதியை இன்னும் செவியிற் பற்றாத பிள்ளைக்கு அக்கருவி ஊன்றுகோலாகாது, முகமூடியாகவே முடியும். பிசகிய தாளத்தை ஒரு சொடுக்கில் நேர்நிறுத்தும் வசதியும் அத்தகையதே. பதிவு அழகாக இருக்கும். பிள்ளையோ நின்ற இடத்திலேயே நிற்பான்.

இதற்கு மாற்று என்ன? கருவியை விலக்குவதன்று, அதற்கு எல்லை வகுப்பதே என்பேன். பீற்றில்ஸ் குழுவினர் 1967 இல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தொகுதி நான்கு தடங்களே கொண்ட நாடாக் கருவிகளிற் பதியப்பெற்றது. தடங்கள் நிரம்பியதும் அவற்றைக் கலந்து வேறொரு நாடாவுக்கு மாற்றுவர். கலந்தபின் பிரித்தெடுத்தல் அன்று இயலாது. எனவே ஒவ்வொரு படியிலும் செவியால் ஆய்ந்து முடிவுகட்ட வேண்டியிருந்தது. நம் மாணவருக்கும் நான்கு தடங்களே கொடுப்போம். திருத்தும் கருவிகளைப் பூட்டிவைப்போம். முதற் பதிவை அழிக்காது வைத்து, ஒரு மாதத்தின்பின் இறுதிப் பதிவோடு ஒப்பிடச் சொல்வோம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வளர்ச்சிக்கே புள்ளி வழங்குவோம்.

அவ்வாறாயின் சுரக்குறி வேண்டாமா, ஆசிரியர் வேண்டாமா என்று சிலர் வினவக்கூடும். இரண்டும் வேண்டும். கேட்டதை நினைவில் நிறுத்தவும் பிறர்க்கு உணர்த்தவும் குறியீடு உதவும். ஆனால் அது செவியின் பின்னே வரட்டும். ஆசிரியரின் பணியோ முன்னிலும் கடினமாகின்றது. விடை கூறுவதை விடுத்து, 'என்ன கேட்டாய்? இன்னொருமுறை கேள், வேறென்ன கேட்கின்றது?' என வினவும் பொறுமை அவருக்கு வேண்டும்.

வகுப்பில் மந்தமென ஒதுக்கப்பட்ட பிள்ளை, வீட்டில் ஒரு பாட்டின் நுட்பமெல்லாம் செவியாற் கற்றவனாய் இருக்கலாம். சுரக்குறித் தாளை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் அவன் அறிவு நமக்குப் புலப்படாது. கேள்விக்கென வள்ளுவர் தனியதிகாரமே வகுத்துள்ளார். அவர் வழிவந்த ஆசிரியர்கள், வரும் தவணையிலேனும் ஒரு பாட்டைத் தம் மாணவரே தேர அனுமதித்து, அவர்கள் வாசிப்பதைப் பதிவுசெய்து, அவர்களோடு அமர்ந்து தாமும் கேட்பார்களாக.